மா லாங் 26 வயது வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

கோபி ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிபாளையத்திற்கு அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் பள்ளியில் இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகள் இருக்கின்றன. குறுவட்டப் போட்டியைத் தாண்டி மாவட்டப் போட்டி வரை செல்லக்கூடிய பிள்ளைகள் ஆண்டுதோறும் ஓரிருவராவது கிடைத்துவிடுகிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் மட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. அதன்பின் நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டார்கள் என்றால் அந்தப் பிள்ளையை நான் மீண்டும் மேசையருகே பார்ப்பதே இல்லை.

இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி மிக நன்றாக ஆடுகிறாள். அவளுடைய தந்தை மஞ்சள் விவசாயி. மகள் ஆடுவதில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அண்மையில் என்னிடம் வந்து, "ஏனுங்க சார், பதினைஞ்சு வயசுக்குள்ள மேல வரலைன்னா அதுக்கப்புறம் ஆடி என்னங்க ஆகப் போகுது?" என்று கேட்டார். நான் உடனே சீன வீரர் மா லாங்கின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒலிம்பிக்கில் ஆறு தங்கம் வென்றவர், ஆடவர் ஆட்டத்தில் எல்லாக் காலத்திலும் சிறந்தவர் என்று பலராலும் சொல்லப்படுகிறவர், அவரே 26 வயதில்தான் முதன்முதலாக உலக ஒற்றையர் பட்டத்தை வென்றார் என்று விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டிற்கு வந்து யோசித்தபோதுதான் என் விளக்கத்தில் ஒரு கேள்வி தொக்கி நிற்பது தெரிந்தது. மா லாங் 2004-ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் கோபே நகரில் இளையோர் உலக சாம்பியன் ஆனவர். 2006-இல் பிரெமன் நகரில் உலக அணிப் பட்டத்தை வென்ற சீன அணியில் இருந்தபோது அவருக்கு வயது 17. 2010 ஜனவரியில் உலகத் தரவரிசையில் முதலிடத்திற்கும் வந்துவிட்டார். இத்தனையும் இருந்தும் 2009, 2011, 2013 என்று மூன்று உலக சாம்பியன்ஷிப் போட்டிகளிலும் அரையிறுதியோடு நின்றார். ஆகவே அவரைத் தாமதமாக மலர்ந்தவர் என்று சொல்வது பொருந்துமா? 2009-க்கும் 2015-க்கும் இடையே அவருடைய ஆட்டத்தில் மாறியது எது? விவரம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றாக இருக்கும். அந்தத் தந்தைக்கு வெறும் ஆறுதல் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை.

---

சிங்காநல்லூர் பயிற்றுநர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கோவையில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். தாமதமாக மலர்ந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். 20 வயதில் அவர் எந்த நாட்டு அணியில் இருந்திருந்தாலும் அந்த நாட்டின் முதல் வீரராக இருந்திருப்பார். அவர் சீன அணியில் இருந்தார் என்பதுதான் சங்கதி.

நீங்கள் குறிப்பிட்ட மூன்று அரையிறுதிகளிலும் அவரைத் தோற்கடித்தவர் ஒரே ஆள், வாங் ஹாவோ. பேனாவைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து ஆடுபவர். அந்தப் பிடியில் பழைய வீரர்கள் மட்டையின் ஒரு பக்கத்தை மட்டுமே பெரிதும் பயன்படுத்துவார்கள். மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கமான பேக்ஹேண்ட் பக்கம் பந்து வந்தால் தடுத்து அனுப்புவதோடு சரி. வாங் ஹாவோ மட்டையின் பின்புறத்திலும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி, பேக்ஹேண்டிலும் முழுச் சுழற்சியோடு தாக்கினார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மா லாங்கின் வழியை மூன்று முறை அடைத்த அதே வாங் ஹாவோ, 2004, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பிக் ஒற்றையர் இறுதிப் போட்டிகளிலும் தோற்று மூன்று வெள்ளிகளோடு நின்றுபோனார். அந்த அணியில் யார் யாருக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இனி ஆட்டத்தில் மாறியது என்ன என்பதற்கு வருகிறேன். இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இளவயது மா லாங்கின் ஆட்டம் ஏறக்குறைய முழுவதும், மட்டை பிடித்த கைப் பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டை நம்பியிருந்தது. வலைக்கு அருகே இரண்டு முறை குதிக்கும்படி குட்டையாக சர்வீஸ் போடுவார். எதிராளி அதை வெட்டித் தள்ளினாலோ குட்டையாக வைத்தாலோ, மூன்றாவது பந்தில் (சர்வீஸ் முதல் பந்து, எதிராளி திருப்புவது இரண்டாவது) நகர்ந்து வந்து ஃபோர்ஹேண்டால் முடித்துவிடுவார். பசைத்தன்மை மிகுந்த சீன ரப்பரில், காலிலிருந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறிவரும் அந்த வீச்சைத் தடுப்பது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. ஆனால் இந்த முறை வெற்றிபெற ஒரு நிபந்தனை உண்டு: எதிராளி இரண்டாவது பந்தில் தாக்கக் கூடாது.

அந்த நிபந்தனையைத்தான் அன்றைய புதிய ஆட்டமுறை உடைத்தது. மேசைக்கு மேலேயே, குட்டையாக வந்த பந்தை, மட்டையின் நுனி தன் வயிற்றை நோக்கும்படி மணிக்கட்டை உள்ளே சுருட்டி, முழங்கையை முன்னே உயர்த்தி, பந்தின் பக்கவாட்டில் உரசி அனுப்பும் பேக்ஹேண்ட் ஃப்ளிக் பரவலாயிற்று. பந்து வளைந்து செல்வதால் வாழைப்பழ ஃப்ளிக் என்று பெயர். மா லாங்கின் சக சீன வீரர் ஜாங் ஜிகே இதில் பெரிய ஆள். ஃபோர்ஹேண்ட் மூலையில் விழும் குட்டைப் பந்தைக்கூடக் காலை உள்ளே வைத்து பேக்ஹேண்டாலேயே சுழற்றித் தாக்குவார். 2011 உலக சாம்பியன்ஷிப், அதே ஆண்டின் உலகக் கோப்பை, 2012 லண்டன் ஒலிம்பிக் என்று மூன்று பெரும் பட்டங்களையும் 445 நாள்களுக்குள் அவர் வென்றதற்கு இந்த ஃப்ளிக்கே முதற்காரணம் என்பது என் கருத்து. அவரிடம் குட்டை சர்வீஸ் போட்டவர், மூன்றாவது பந்தை முடிக்க நகரும் முன்பே பந்து தன் பக்கம் திரும்பி வந்திருப்பதைக் கண்டார்.

மா லாங் இதற்கு மாற்றாகத் தன் ஃபோர்ஹேண்டை இன்னும் வலுவாக்க முனையவில்லை. பேக்ஹேண்டைத் தேவைப்பட்டபோது மட்டும் எடுக்கும் ஆயுதமாக வைத்திருந்த நிலையை மாற்றி, மேசையருகே நின்றே பேக்ஹேண்டில் முதல் தாக்குதலைத் தொடங்கவும், பேக்ஹேண்டுக்கு எதிர் பேக்ஹேண்டாக நான்கைந்து பந்துகள் சளைக்காமல் ஆடவும் பழகிக்கொண்டார். சர்வீஸிலும் நீளம், திசை இரண்டையும் கலந்து, எதிராளி ஃப்ளிக் செய்யத் தயங்கும்படி செய்தார். அவருடைய பயிற்றுநர் சின் ஜிஜியானின் பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். நீண்ட காலம் உடனிருந்தவர் அவர்தான்.

இதற்கிடையில் 2014-இன் நடுப்பகுதியில் பந்தே மாறிற்று. செல்லுலாய்டு போய்ப் பிளாஸ்டிக் வந்தது. புதிய பந்து சற்றுப் பெரியது; சுழற்சி சற்றுக் குறைவு. முதல் மூன்று பந்துகளிலேயே புள்ளியை முடிப்பது கடினமாகி, பந்து இருபுறமும் மாறி மாறிப் போகும் ரேலி நீண்டது. இருபுறமும் சமமாக ஆடவும், கால்களை நிற்க விடாமல் நகரவும் தெரிந்தவருக்கு அது சாதகம். மா லாங் அதற்கு ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தார். 2015-இல் சுஜோவில் ஃபாங் போவை 4-2 என்று வென்று உலக சாம்பியன் ஆனார். பந்து மாறாதிருந்தாலும் வென்றிருப்பார் என்றே எண்ணுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு இவ்வளவு காலம் மேலே நின்றிருப்பாரா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

---

பவானி கூடுதுறை:

பயிற்றுநர் அண்ணா எழுதியதில் தொழில்நுட்பப் பகுதியை நான் மறுக்கவில்லை. பல்கலைக்கழக அணிக்காக ஆடியவள் என்ற முறையில், ஃப்ளிக்கைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததும் இல்லை. ஆனால் காரணம் முழுவதையும் பேக்ஹேண்டின் மேல் ஏற்றிவிட்டால் ஒரு செய்தி உறுத்துகிறது. 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஒற்றையர் இறுதியில் மா லாங் அதே வாங் ஹாவோவைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். 2012-இல் லிவர்பூலில் உலகக் கோப்பையையும் வென்றார். ஆக, வெல்லத் தேவையான ஆட்டம் அவர் கையில் இருந்தது. உலக சாம்பியன்ஷிப் அரையிறுதி என்று வந்தபோது மட்டும் அது கைகூடவில்லை என்றால், அதில் மனத்தின் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர் இயல்பில் மென்மையானவர் என்பது அவருடைய ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு நேர் எதிரானவர் ஜாங் ஜிகே. 2014 அக்டோபரில் டுசல்டோர்ஃப் நகரில் உலகக் கோப்பை இறுதியில் மா லாங்கை வென்ற ஜாங் ஜிகே, மகிழ்ச்சி தாளாமல் ஆடுகளத்தைச் சுற்றியிருந்த விளம்பரத் தடுப்புகளை உதைத்து உடைத்தார். அதற்குத் தண்டனையாக அவருடைய பரிசுத் தொகை முழுவதும் பறிக்கப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மா லாங். அடுத்த ஆண்டு மே மாதத்தில் சுஜோவில் பட்டம் வென்ற கணத்தில், அதுவரை சத்தமாகப் பேசிக்கூட அறியாதவர்போல் இருந்த மனிதர் மேசையின் மேல் ஏறி நின்று முழங்கினார். அந்தக் காணொளியைப் பார்க்கும் எவருக்கும், பேக்ஹேண்டைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் அன்று உடைந்தது என்பது புரியும்.

ஒலிம்பிக் விதியையும் யாரும் குறிப்பிடவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் ஒரு நாட்டிற்கு மூன்று பேர் ஆடலாம்; ஆடவர், மகளிர் இரண்டிலும் மூன்று பதக்கங்களையும் சீனர்களே அள்ளிக்கொண்டார்கள். அதன்பின் நாட்டிற்கு இருவர் என்று குறைத்துவிட்டார்கள். 2012 லண்டனில் அந்த இரண்டு இடங்களும் ஜாங் ஜிகேவுக்கும் வாங் ஹாவோவுக்கும் போயின. தரவரிசையில் முதலிடம் கண்டவரான மா லாங், அணிப் போட்டியில் மட்டும் ஆடித் தங்கம் பெற்றுத் திரும்பினார். ஒற்றையர் ஒலிம்பிக் மேடையில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தது 2016 ரியோவில், 27 வயதில். அங்கும் நான்காம் சுற்றுப் போட்டியில் தென்கொரியாவின் ஜியோங் யங்-சிக்கிடம் முதல் இரண்டு கேம்களையும் இழந்தார். பழைய மா லாங்காக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த நான்கு கேம்களையும் வென்றார்; இறுதியில் ஜாங் ஜிகேவை 4-0 என்று வீழ்த்தினார். உலக சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை, ஒலிம்பிக் மூன்றிலும் ஒற்றையர் பட்டம் கண்ட ஐந்தாவது ஆடவர் ஆனார். வால்ட்னர், லியு குவோலியாங், கோங் லிங்ஹுய், ஜாங் ஜிகே ஆகியோர் அவருக்கு முந்தையவர்கள்.

எல்லோரும் ரியோவைக் கொண்டாடுவார்கள். எனக்கு 2019 புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப்தான் பெரிது. முந்தைய ஆண்டிலிருந்தே முழங்கால் காயம். பல மாதங்கள் போட்டிகளில் இல்லை. தரவரிசை சரிந்து பதினொன்றாம் இடத்து வீரராக உள்ளே நுழைந்தார். இறுதியில் ஸ்வீடனின் மத்தியாஸ் ஃபால்க், ஃபோர்ஹேண்ட் பக்கம் குட்டைப் புள்ளி ரப்பர் (வெளிப்புறம் சிறு முளைகள் கொண்டது) வைத்து ஆடுபவர். அந்த ரப்பரிலிருந்து பந்து தட்டையாக, வழக்கத்திற்கு மாறான வேகத்தில் வரும். அவரை 4-1 என்று வென்றார். தொடர்ந்து மூன்று முறை உலக ஒற்றையர் பட்டம் என்பது 1961, 1963, 1965 ஆண்டுகளில் ஜுவாங் செடோங் செய்தது; அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் எந்த ஆடவரும் செய்யாதது. முப்பது வயதில், நம்பிக்கையில்லாத ஒரு முழங்காலோடு அதைச் செய்ததில் ஆட்டத்தைவிட மனமே பெரும்பங்கு வகித்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

---

சிங்காநல்லூர் பயிற்றுநர்:

சகோதரி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் அரங்கில் நடுங்காத மனம் என்பது தனியாக ஓரிடத்தில் விளைவதில்லை. 9-9 என்ற நிலையில் எதிராளி குட்டை சர்வீஸ் போடும்போது, எடுப்பதற்குத் தன்னிடம் நம்பகமான ஓர் அடி இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் கை நடுங்காது. 2013 பாரிஸில் மா லாங்கிடம் அந்த அடி முழுமையாக இல்லை. 2017 டுசல்டோர்ஃப் உலக சாம்பியன்ஷிப்பில் இருந்தது. அங்கே இறுதிப் போட்டி ஏழாவது கேமில் 12-10 வரை சென்றது. எதிரே இருந்தவர் இருபதே வயதான ஃபான் ஜென்டாங், பேக்ஹேண்டில் அன்றைய உலகிலேயே வலுவானவர். அவருடைய வலுவான பக்கத்திற்கே பந்தைக் கொடுத்து ஆட வேண்டிய கட்டங்களிலும் மா லாங் ஒதுங்கவில்லை. மனத்திடம் என்று நீங்கள் சொல்வதைப் பயிற்சிக்கூடத்தில் நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

---

நொய்யல் பனியன்:

நான் ஆட்டக்காரன் அல்லேன். திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். பின்னல் இயந்திரம், உதிரிபாகம் வாங்க குவாங்சோ பக்கம் போய் வருபவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். அங்கே குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள பூங்காக்களில் சிமெண்டால் கட்டிய டேபிள் டென்னிஸ் மேசைகளைப் பார்த்திருக்கிறேன். வலைக்குப் பதிலாகத் தகரப் பட்டை அடித்திருப்பார்கள். மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் அது அங்கேயே கிடக்கும். மாலையில் தாத்தாக்களும் பேரன்களும் வரிசையில் நின்று ஆடுவார்கள்.

ஆனால் ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு விடை அந்த மேசைகளில் இல்லை. மா லாங் லியாவோனிங் மாகாணத்தின் அன்ஷான் என்ற உருக்காலை நகரில் பிறந்தவர். ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். சிறுவனாகவே பயிற்சிக்காகப் பெய்ஜிங்குக்குப் போனவர். அந்த ஏற்பாட்டில் மாகாண அணி, தேசிய இரண்டாம் அணி, தேசிய முதல் அணி என்று படிப்படியாக ஏற வேண்டும். அணிக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டமே தொழில். உண்ண, உறங்க, பயிற்சி பெற எல்லாவற்றுக்கும் அணி பொறுப்பு, சம்பளமும் உண்டு. ஆகவே 2009-இல் தோற்றபோதும், 2011-இல் தோற்றபோதும், 2013-இல் தோற்றபோதும் மறுநாள் காலை அவர் போக வேண்டிய இடம் பயிற்சிக்கூடமாகவே இருந்தது. "இனி எதற்கு ஆட வேண்டும்" என்று கேட்க வீட்டில் ஆளில்லை. நம் ஊரில் ஒரு பிள்ளை மூன்று முறை மாவட்ட அரையிறுதியில் தோற்றுவிட்டு நான்காம் ஆண்டும் ஆட வேண்டுமென்றால், அந்தச் செலவைத் தாங்குவது தந்தையின் மஞ்சள் மூட்டைதான். மா லாங்கின் பொறுமையைப் புகழும்போது அந்தப் பொறுமைக்குச் செலவழித்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

சீன முறையை நான் புகழ்வதாக எண்ண வேண்டாம். அங்கே மேலே வந்த ஒருவருக்குப் பின்னால் வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். சிலர் வேறு நாடுகளுக்குப் போய் அந்நாட்டு உடையில் ஆடினார்கள். சிங்கப்பூருக்கு 2012-இல் மகளிர் ஒற்றையர் வெண்கலம் வாங்கித் தந்த ஃபெங் தியான்வெய் பிறந்தது சீனாவின் ஹார்பினில். லக்சம்பர்க்கின் நி சியாலியான் சீனாவின் முன்னாள் உலக சாம்பியன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 58 வயதில் ஆடினார். மேலிடத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கும் சான்று உண்டு. 2017-இல் தலைமைப் பயிற்றுநர் பொறுப்பிலிருந்து லியு குவோலியாங் மாற்றப்பட்டபோது, மா லாங் உள்ளிட்ட முன்னணி வீரர்கள் செங்டுவில் நடந்துகொண்டிருந்த சீன ஓபன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்கள். அந்த நாட்டில் அப்படி விலகுவது சிறிய காரியம் அன்று. அதன் பிறகும் அவர் அணியில் நீடித்துத் தலைவராகவே ஆடினார் என்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

நம்மிடத்தில் இதற்கு ஒப்பாகச் சொல்லத் தக்கவர் சென்னையின் சரத் கமல். அவர் இந்தியன் ஆயிலில் பணியில் இருந்துகொண்டே ஆடியவர். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம். பதினாறு ஆண்டுகள் கழித்து 2022-இல் பர்மிங்காமில், 40 வயதில், மீண்டும் அதே தங்கம். நிலையான ஒரு வேலை பின்னால் இல்லாதிருந்தால் அந்தப் பதினாறு ஆண்டுகளும் வாய்த்திருக்குமா? அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அளிக்கும் மூன்று விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றி அந்த விவசாயியிடம் சொல்லுங்கள் ஐயா. மா லாங்கின் தங்கங்களைவிட அது அவருக்கு விரைவில் புரியும்.

---

சேலம் வடக்கு:

தாமதமாக வென்றவரையே எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டும் என்று என்ன கட்டாயம்? மாணவியைப் பற்றிய பேச்சு இது. அவளுக்கு டெங் யாபிங்கைப் பற்றிச் சொல்லுங்கள். ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோவில் 1973-இல் பிறந்தவர். உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். குள்ளமாக இருக்கிறாள் என்று மாகாண அணி அவரைத் திருப்பி அனுப்பியது. 16 வயதில், 1989-இல், சியாவோ ஹோங்குடன் இணைந்து உலக இரட்டையர் சாம்பியன் ஆனார். 1992, 1996 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம். எட்டு ஆண்டுகள் உலகின் முதலிடம். 24 வயதில், மா லாங் தம் முதல் உலக ஒற்றையர் பட்டத்தை வென்ற வயதுக்கு முன்பே, ஓய்வு பெற்றுவிட்டார். அதன்பின் படிப்பைத் தொடங்கி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படிப்புக்காக ஆட்டத்தை விட வேண்டும் என்று சொல்லும் பெற்றோருக்கு, ஆட்டம் முடிந்த பிறகும் படிக்கலாம் என்று காட்ட இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொன்று. டெங் யாபிங் ஆடியது 21 புள்ளி கேம், 38 மில்லிமீட்டர் பந்து. மா லாங் ஆடியது 11 புள்ளி கேம், பெரிய பந்து. இவ்விருவரில் யார் பெரியவர் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை. அந்தக் கேள்வியே எனக்குச் சலிப்பைத் தருகிறது.

---

கோபி ஆசிரியர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நொய்யல் ஐயா சொன்னது என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஒதுக்கீடு பற்றிய விவரங்களை முறையாகத் திரட்டிக்கொண்டு அந்தத் தந்தையைச் சந்திக்கப் போகிறேன். டெங் யாபிங்கைப் பற்றி மாணவியிடம் இன்றே சொல்லிவிட்டேன். "அவங்க ரப்பர் என்னங்க சார்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

பயிற்றுநர் அண்ணாவிடம் இரண்டு கேள்விகள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த பேக்ஹேண்ட் ஃப்ளிக்கை இப்போதே கற்றுத் தரலாமா? மா லாங்கின் ஆட்டங்களில் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டுவது?

---

சிங்காநல்லூர் பயிற்றுநர்:

ரப்பரிலிருந்தே தொடங்குகிறேன். டெங் யாபிங் பேக்ஹேண்ட் பக்கம் நீளப் புள்ளி ரப்பர் வைத்து ஆடியவர். அது எதிராளியின் சுழற்சியைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் எதிரே இருக்கும் பிள்ளைகள் உடனே தடுமாறுவார்கள், குறுவட்டப் போட்டியை அள்ளிவிடலாம். ஆனால் சொந்தமாகச் சுழற்சி உண்டாக்கக் கற்கும் வயதில் அதைக் கொடுத்துவிட்டால் பின்னர் மீள்வது கடினம். இருபுறமும் வழவழப்பான ரப்பரையே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளிக்கை இப்போதே தொடங்கலாம், ஆனால் குட்டையாக வெட்டித் தள்ளும் புஷ் சரியாக வந்த பின்புதான். பந்து ஏறும்போதே வலைக்கருகே தொட்டு, எதிர்ப்பக்கத்தில் இரண்டு முறை குதிக்கும்படி வைக்கத் தெரியாத பிள்ளைக்கு ஃப்ளிக்கைக் கொடுத்தால், எல்லாப் பந்தையும் ஃப்ளிக்கே செய்வாள். எதிராளி இரண்டு புள்ளிகளில் அதைப் படித்துவிடுவான். புஷ் வந்த பிறகு, சத்துணவுக்கூடத்திலிருந்து ஓர் அன்னக்கூடையை வாங்கி அது நிறையப் பந்துகளைப் போட்டு மேசையோரம் வைத்துக்கொண்டு, நீங்களே ஒவ்வொன்றாகக் குட்டையாகப் போடுங்கள். சீனப் பயிற்சிக்கூடங்களிலும் இப்படித்தான் பந்து பந்தாகக் கொடுத்துப் பழக்குகிறார்கள். வலது கைக்காரியாக இருந்தால் வலது கால் மேசைக்கு அடியில் போக வேண்டும்; முழங்கை மட்டைக்கு முன்னால் இருக்க வேண்டும்; அடிப்பது தோளாக இருக்கக் கூடாது, முன்கையும் மணிக்கட்டுமே. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பந்து வலையில்தான் விழும். பந்து வலையில் விழுந்தால் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்க்காதீர்கள், முதலில் முழங்கையைப் பாருங்கள்.

ஆட்டங்களைப் பொறுத்தவரை, இறுதிப் போட்டிகளைப் பிறகு காட்டலாம். முதலில் 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் மூன்றாம் சுற்றில் மா லாங்கும் சரத் கமலும் ஆடியதைக் காட்டுங்கள். முதல் கேம் 11-7 என்று மா லாங்குக்கு. இரண்டாவதை 11-8 என்று சரத் எடுத்தார். மூன்றாவது 13-11 வரை இழுத்து மா லாங்குக்குப் போனது. அதற்குப் பின் இரண்டு கேம்களும் 11-4, 11-4. மூன்றாவது கேம் வரை ஏறத்தாழச் சமமாக நின்ற ஆட்டம் அதன்பின் எப்படி அவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். யார் முதலில் தாக்கினார், எந்தப் பந்தில், எந்தப் பக்கத்திலிருந்து என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஒலிம்பிக்கில்தான் மா லாங் மேலே சென்று, அரையிறுதியில் ஜெர்மனியின் ஓவ்ட்சரோவிடம் ஏழாவது கேம் வரை போராடி, இறுதியில் ஃபான் ஜென்டாங்கை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தைத் தக்கவைத்த முதல் ஆடவர் ஆனார். 2024 பாரிஸ் தொடக்க விழாவில் சீனக் கொடியை அவரும் இந்தியக் கொடியைச் சரத்தும் தத்தம் நாட்டு வீராங்கனை ஒருவருடன் ஏந்திச் சென்றதையும் சொன்னால் பிள்ளைகள் இருவரையும் மறக்க மாட்டார்கள்.

அடுத்ததாக ரியோவில் ஜியோங் யங்-சிக்குடனான போட்டி. சகோதரியின் பரிந்துரை அருமையானது, அதைத் திருட்டுத்தனமாக என் பட்டியலிலும் சேர்த்துக்கொள்கிறேன்.

கூடைக்குப் பந்து வாங்கும்போது, புதிய பிளாஸ்டிக் பந்தின் குறியான 40+ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பள்ளி அலமாரியில் பழைய செல்லுலாய்டு பந்துகள் மிச்சமிருந்தால் அவற்றோடு கலக்க வேண்டாம். குதிப்பும் சுழற்சியும் வேறுபடும். எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் அலமாரியிலும் அவற்றை வைத்திருக்க வேண்டாம்.